வரிசையில் நிற்பவரின் நேரம்

நம் சங்கக் குடும்பங்களில் பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் இப்பொழுது எம்.பி.ஏ. என்னும் வணிக நிர்வாகப் படிப்பில் சேர்ந்து வருகின்றனர். முதலாண்டில் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள் உண்டு. இரண்டாம் ஆண்டில் அவரவர் தமக்குரிய சிறப்புப் பாடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பணத்தைப் பற்றிய பாடம் என்றால் பெற்றோர் மகிழ்கின்றனர். விற்பனையைப் பற்றியது என்றாலும் மறுப்பதில்லை. ‘ஆபரேஷன்ஸ் மானேஜ்மெண்ட்’ என்றால் மட்டும் முகம் வாடுகிறது. அப்படியொரு வாட்டம் எங்கள் வீட்டிலும் நேர்ந்தது. அதைப் பற்றி அன்பர்களிடம் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறியவுடன் தந்தையார் மறைந்தார். அவர் பார்த்த ரயில்வேயிலேயே எனக்கும் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆகையால் இதை ஒரு மாணவனின் குறிப்பாகவே கொள்ளுமாறு வேண்டுகிறேன். எனக்கு ஆசிரியராய் அமைந்தவள் கோவில்பட்டியிலிருக்கும் என் தமக்கையின் மகள். அவள் இந்நகரத்துக் கல்லூரியொன்றில் எம்.பி.ஏ. பயில்கிறாள், ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு உணவருந்த வருவாள்.

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு ஞாயிறன்று அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். காரணம் கேட்டேன். “மாமா, நான் ஆபரேஷன்ஸ் எடுக்க விரும்புகிறேன். அப்பா கூடாதென்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்” என்றாள்.

அன்றிரவே அத்தானுடன் தொலைபேசியில் பேசினேன். அத்தான் பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னது இதுதான்: “மாப்பிள்ளை, கையிலே கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள் படித்த படிப்பு அது. நான் தண்ணீர் குடிக்கப் போனதைக் கூட எழுதிக்கொண்டார்கள். அதைப் படிக்கவா நான் கடன் வாங்கி அவளை அனுப்பினேன்?”

இதற்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அவர் கூறியதில் பொய் இல்லை. அமெரிக்காவில் டெய்லர் என்னும் பொறியாளர் 1911-இல் வெளியிட்ட நூலில், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் கொண்டு அளந்து வேலையை வகுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1913-இல் ஹென்றி போர்டு தம் மோட்டார்த் தொழிற்சாலையில் நகரும் வரிசையை அமைத்தார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை, சில மாதங்களில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் அந்த ஓட்டத்தைத் தாங்காமல் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வேலையை விட்டு விலகினர். 1914 ஜனவரியில் நாட்கூலியை 5 டாலராக உயர்த்திய பின்னரே அவர்கள் நிலைத்து நின்றனர்.

அடுத்த ஞாயிறன்று அத்தானின் கேள்வியை மருமகளிடமே வைத்தேன். அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து, “மாமா, உங்கள் டிக்கட் ஜன்னலையே எடுத்துக்கொள்வோம்” என்றாள். அந்தச் சொல் என் நெஞ்சில் பழைய முள் ஒன்றைத் தொட்டது. அதை இங்கே கூறிவிடுகிறேன்.

2017-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு நாட்களுக்கு முன், மாலை நேரம். நான் அப்பொழுது இருந்த நிலையத்தில் டிக்கட் ஜன்னல்கள் மூன்று இருந்தன. ஆயினும் இரண்டே திறந்திருந்தன. வரிசை வாசலைத் தாண்டிச் சென்றது. தலையில் துணிமூட்டையுடன் ஒரு பெரியவர் என் ஜன்னலை வந்தடைந்தபோது, அவர் ஏற வேண்டிய வண்டி புறப்பட்டுவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. “அடுத்தது எப்போ ஐயா?” என்று கேட்டார். மறுநாள் காலையில் என்றேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கை மெதுவானதோ என்று பலநாள் வருந்தினேன்.

மருமகள் கணக்கைப் போட்டாள். ஒருவருக்கு ஒரு நிமிடமானால் ஒரு ஜன்னலில் மணிக்கு 60 பேர். இரண்டு ஜன்னல்களில் 120 பேர். அந்த மாலையில் மணிக்கு 180 பேர் வந்திருந்தால், ஒரு மணி நேரத்தில் 60 பேர் தேங்கி நிற்பர். அதன்பின் வருபவர் அரைமணி காத்திருந்தே தீர வேண்டும். வரிசையில் நிற்போர் தொகை, வருகின்ற வேகம், காத்திருக்கும் காலம் இம்மூன்றுக்கும் உள்ள உறவை 1961-இல் ஜான் லிட்டில் என்னும் அறிஞர் நிறுவிக் காட்டினாராம். “உங்கள் கை எவ்வளவு விரைந்தாலும் 120 பேர் 180 ஆக முடியாது மாமா” என்றாள். என் பாரம் குறைந்ததுபோல் இருந்தது.

ஆனால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்: “மூன்றாவது ஜன்னலை ஏன் மூடினார்கள்?”

அதற்கு விடை எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய மாதம், ஜன்னல்களில் எவ்வளவு நேரம் வேலை நடக்கிறது, எவ்வளவு நேரம் ஆள் சும்மா இருக்கிறார் என்று மேலிடம் கேட்டிருந்தது. அந்தப் பட்டியலை எழுதியது நான். காலையும் நண்பகலும் மாலையும் சேர்த்து நாள் முழுவதற்கும் ஒரு சராசரி எடுத்து, “மூன்றாம் ஜன்னல் பெரும்பாலும் சும்மா இருக்கிறது” என்று குறித்தேன். கணக்கில் பிழை இல்லை. ஆனால் மாலை நேரத்து நெரிசலை அந்தச் சராசரி விழுங்கிவிட்டது. பெரியவரை நிறுத்தி வைத்தது என் கையின் மந்தம் அன்று. அதே கை எழுதிய சராசரி.

மருமகள் இன்னொரு பக்கத்தையும் காட்டினாள். 1909-இல் கோபன்ஹேகன் நகரத்துத் தொலைபேசி நிறுவனத்திலிருந்த எர்லாங் என்பவர் தொடங்கி வைத்த கணக்கு முறை அது. மக்கள் ஒழுங்கின்றி வருகின்றனர்; ஒருவருக்கு ஆகும் நேரம் மற்றவருக்கு ஆவதில்லை; சராசரி மட்டும் ஒரு நிமிடம் என்று கொள்வோம். ஒரே ஜன்னலில் உள்ள குமாஸ்தா நூற்றுக்கு 80 பங்கு நேரம் வேலையில் இருந்தால், ஒருவர் வந்து டிக்கட்டுடன் திரும்பச் சராசரி 5 நிமிடம் ஆகும். 90 பங்கு வேலை என்றால் 10 நிமிடம். 95 பங்கு என்றால் 20 நிமிடம். குமாஸ்தாவின் ஓய்வைச் சிறிது சிறிதாகக் குறைக்கக் குறைக்க, பிரயாணியின் காத்திருப்பு மடங்கு மடங்காக ஏறுகிறது. ‘சும்மா இருப்பது’ என்று நாம் பழிக்கும் அந்தச் சிறு இடைவெளியே, வரிசையில் நிற்பவரின் நேரத்தைக் காக்கிறது. எந்நேரமும் எல்லோரும் வேலையிலேயே இருக்க வேண்டும் என்னும் நிர்வாகி சிக்கனம் செய்யவில்லை. தம் செலவைப் பிறர் தலையில் கட்டுகிறார்.

இதுதான் இப்பாடத்தின் உயிர் என்று எனக்குத் தோன்றியது. 1984-இல் எலியாஹு கோல்ட்ராட் என்பவர் இதையே ஒரு நாவலாக எழுதினார். அதில் சிறுவர்கள் வரிசையாகக் காட்டுவழியே நடக்கின்றனர். எல்லோரிலும் மெதுவாக நடப்பவனின் வேகமே கூட்டத்தின் வேகமாகிறது. அவனைத் திட்டுவதால் பயனில்லை; அவன் முதுகுச் சுமையைப் பிறர் பகிர்ந்துகொண்டதும் கூட்டம் விரைகிறது. இன்று வணிகக் கல்லூரிகள் பலவற்றில் இந்நாவல் படிக்கப்படுகிறது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. அத்தானின் ஊருக்கு அருகே, எட்டயபுரத்துப் பக்கம் பிறந்த டாக்டர் வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தம் செய்துவிடுவர். மருத்துவரின் நேரமே அங்கு அரிய பொருள். அதனால் பிறர் செய்யக்கூடிய வேலை எதுவும் அவர் மீது சுமத்தப்படுவதில்லை. ஏழைகள் பல்லாயிரவர் கட்டணமின்றிப் பார்வை பெற்றது இந்த ஒழுங்கினால் அன்றோ? அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகக் கல்லூரி 1993-இல் இதைப் பாடமாக எழுதிக்கொண்டது.

இவற்றையெல்லாம் அத்தானுக்கு நான்கு பக்கக் கடிதமாக எழுதினேன். கடிகாரத்தைத் தொழிலாளியின் முதுகுக்குப் பின்னாலும் பிடிக்கலாம். வரிசையின் கடைசியில் நிற்பவரின் பக்கத்தில் நின்றும் பிடிக்கலாம். நம் பெண் எங்கே நிற்பாள் என்பது அவளை வளர்த்த நமக்குத் தெரியாதா என்று முடித்தேன். பெரியவரின் கதையையும் மறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுமொழி வந்தது. “எடுக்கட்டும். ஆனால் பிறர் வேலையைக் கடிகாரம் வைத்து அளப்பதற்கு முன்னால், அந்த வேலையைத் தானே ஒருநாள் முழுதும் நின்று செய்து பார்க்க வேண்டும். இது நான் சொன்னதாகச் சொல்.”

சொன்னேன். மருமகள் அதைத் தன் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். சென்ற கோடை விடுமுறையில் பயிற்சிக்காக ஒரு சரக்குக் கிடங்குக்குச் சென்றவள், முதல் நாள் மூட்டை அடுக்குவோருடன் நின்றாளாம். மாலையில் கைகள் காய்த்து வந்தன.

அன்பர்களே! உங்கள் மகனோ மகளோ இப்பாடத்தை எடுக்க விரும்பினால், ஆலை மேற்பார்வை வேலைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவமனையும் அஞ்சலகமும் ரேஷன் கடையும் ரயில் நிலையமும் நடக்க வேண்டிய முறையை அது கற்பிக்கிறது. அவற்றின் முன்னே வரிசையில் நிற்போர் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களே. அங்கே உள்ளே அமர்ந்து முறை வகுப்போருள் நம் பிள்ளையும் ஒருவராக இருந்தால், மூட்டையுடன் வந்த பெரியவருக்கு வண்டி தவறாதிருக்கக்கூடும்.