புரட்டக் கூடாத முட்டை

கோழியை அடை வைக்கத் தெரியாத தாய்மார்கள் தோட்டப்புறத்தில் உண்டா? பழைய கூடையில் சாக்கைக் கிழித்துப் போட்டு, காய்ந்த புல்லைப் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடுக்கிப் பெட்டையை உட்கார வைத்தால், 21ஆம் நாள் குஞ்சுகளின் கீச்சொலி கேட்கும். இடையில் ஒருநாள் இரவு முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கூமுட்டைகளை ஒதுக்கிவிடுவார்கள். லாபு பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால்மரம் சீவிய என் தாயாரும் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்தாம். அந்த அனுபவமே ஒருமுறை 31 உயிர்களுக்கு எமனாக வந்தது!

சிரம்பான் நகரில் வசிக்கும் என் தங்கை மகன், முறைப்படி அனுமதி பெற்று ஒரு பெண் பச்சோந்தியை வளர்த்து வந்தான். தலையில் கொண்டை போல உயர்ந்த மேடு கொண்ட இனம் அது. ஏமன், சவூதி அரேபியா நாடுகளின் மலைச்சரிவுகள் அதன் பூர்வீகம். ஒருநாள் அது செடித்தொட்டி மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடியது. பையன் எண்ணிப் பார்த்தான். 31 முட்டைகள்! மகிழ்ச்சியோடு ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனான்.

பேரன் போனதும் பாட்டி டப்பாவைத் திறந்தார். கோழி முட்டையைத் திருப்பித் திருப்பி விடுவது போல, ஒவ்வொன்றையும் பக்குவமாகப் புரட்டி வைத்தார். தினமும் இதே கைங்கரியம். சில வாரங்களில் முட்டைகள் மஞ்சளாகிச் சுருங்கின. பிறகு பூஞ்சணம் பூத்தது. ஒன்றும் தேறவில்லை.

"அடைக்கு வெச்ச முட்டையத் திருப்பி விட வேணாமாடா?" என்றார் தாயார்.

"பாட்டி, இந்த முட்டைய மட்டும் புரட்டவே கூடாது!" என்றான் பேரன், அழாத குறையாக.

வாசகர்களே, கோழி முட்டைக்கு உயிர் கொடுக்கும் காரியம் பச்சோந்தி முட்டைக்கு உயிர் எடுக்கும் காரியமாவது எப்படி?

முட்டைக்குள் என்ன நடக்கிறது?

கோழி முட்டையை உடைத்து ஊற்றும்போது மஞ்சள் கருவின் இருபுறமும் வெள்ளையாக, முறுக்கிய நூல் போல ஒன்று தெரியுமல்லவா? ஊஞ்சற் கயிறு போல மஞ்சள் கருவை நடுவில் தாங்கி நிற்பது அதுதான். முட்டையைத் திருப்பினாலும் கரு உள்ளே சுழன்று மேற்பக்கம் வந்துவிடும். திருப்பாமல் விட்டால்தான் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு கெடும். பெட்டைக்கோழி தன் அலகால் முட்டைகளை அடிக்கடி உருட்டி விடுவது இதற்காகவே.

பச்சோந்தி, ஓணான், ஆமை ஆகியவற்றின் முட்டைகளில் இந்தக் கயிறு கிடையாது. இட்ட சில மணி நேரத்துக்குள் கரு மேற்பக்கம் வந்து, அங்கேயே ஓட்டின் உட்புறத்தோடு பற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. அதன்பின் முட்டையைக் கவிழ்த்தால் மெல்லிய சவ்வுகள் அறுந்துபோகலாம். மஞ்சள் கருவின் பாரம் கருவின்மேல் அழுந்தலாம். தாய் மண்ணில் புதைத்துவிட்டுப் போன முட்டையை இயற்கையில் யாரும் புரட்டுவதில்லை. ஆகவே அதைத் தாங்கும் அமைப்பும் அதற்கு வாய்க்கவில்லை.

மலாக்காவில் பாடாங் கெமுந்திங் கடலாமைக் காப்பகம் இருக்கிறது. போர்ட்டிக்சன் பக்கம் போகிறவர்கள் இன்னும் சிறிது தூரம் சென்றால் பார்த்து வரலாம். கடலாமை முட்டைகளை இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் எடுத்து வேறிடத்தில் புதைப்பதுதான் இத்தகைய காப்பகங்களின் முதல் விதி.

நம் ஊரில் பச்சோந்தி உண்டா?

மலேசியக் காடுகளில் உண்மையான பச்சோந்தி கிடையாது. மலாய்க்கார அண்டை வீட்டார் 'சும்ப்பா-சும்ப்பா' என்று சொல்லும் பச்சை நிறப் பிராணி, பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறுவதால் பலர் அதைப் பச்சோந்தி என நினைத்துவிடுகிறார்கள். அது ஓணான் வகை. வேலியில் தலையாட்டிக் கழுத்துச் சிவக்கும் இன்னொரு ஓணானும் இங்கு உண்டு. அது தூரத்திலிருந்தே இரத்தம் உறிஞ்சும் என்பது வெறும் கட்டுக்கதை.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலும், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் உண்மையான பச்சோந்தி வாழ்கிறது. விஞ்ஞானிகள் 1768ஆம் ஆண்டிலேயே அதற்கு இலங்கையின் பெயரை வைத்துவிட்டார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. ஆசையாக இருக்கிறதென்று ஊருக்குப் போய் வரும்போது கொண்டுவந்துவிட முடியாது. இங்கே வளர்க்க விரும்புவோரும் முதலில் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விசாரித்து, உரிய அனுமதியோடு மட்டுமே வாங்க வேண்டும்.

முறையாகப் பொரிக்க வைப்பது எப்படி?

முதலில் தாயைக் கவனிக்க வேண்டும். வயிறு பருத்து, கூண்டின் தரையில் அங்குமிங்கும் அலைந்தால் முட்டையிடும் நேரம் வந்துவிட்டது. ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய வாளியை உள்ளே வைக்க வேண்டும். தோண்ட இடமில்லாவிட்டால் சில பெண் பச்சோந்திகள் முட்டையிட முடியாமல் வயிற்றிலேயே அடக்கி வைத்துச் செத்துவிடுகின்றன. ஆணோடு சேராமலே முட்டையிடுவதும் உண்டு. அவை பொரிக்கா.

முட்டைகளை எடுக்கும்போது மண்ணில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படியே எடுக்க வேண்டும். மென்மையான பென்சிலால் மேலே சிறு புள்ளி வைத்துவிட்டால் குழப்பம் வராது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், பூச்செடிக் கடைகளில் கிடைக்கும் வெர்மிகுலைட்டை நனைத்துப் பரப்புங்கள். கையில் பிழிந்தால் நீர் ஒழுகக் கூடாது. ஆனால் ஈரம் தெரிய வேண்டும். அதில் முட்டைகளை விரலளவு இடைவெளி விட்டுப் பாதி புதையும்படி வையுங்கள். இவற்றின் ஓடு தோல் போன்றது. ஈரத்தை உறிஞ்சி முட்டை வளரும். ஈரம் குறைந்தால் குழிவிழும், மிகுந்தால் அழுகும்.

அடுத்தது உஷ்ணம். கோழி முட்டைக்கு 37 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இந்த ஏமன் இனத்துக்கு 26 முதல் 28 டிகிரி போதும். விளக்கும் வேண்டாம், அடுப்படியும் வேண்டாம். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் வீடு கொதிக்குமே, அதுதான் ஆபத்து. மீன்கடைகளில் ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளைப் பெட்டிக்குள் டப்பாவை வைத்து, வெயில் படாத மூலையில் தரையோடு வைத்தால் சூடு ஏறி இறங்காமல் இருக்கும். உள்ளே ஒரு வெப்பமானி இருக்கட்டும். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விட்டால் போதும்.

பிறகு? காத்திருக்க வேண்டியதுதான். ஓணான் முட்டை ஆறேழு வாரத்தில் பொரித்துவிடும். இந்தப் பச்சோந்தி முட்டைக்கு ஆறு முதல் ஒன்பது மாதம்! மடகாஸ்கர் தீவில் ஓர் இனம் எட்டு ஒன்பது மாதம் முட்டைக்குள் இருந்துவிட்டு, வெளியே நாலைந்து மாதம் மட்டுமே வாழ்ந்து மடிகிறது என்று 2008ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தெரிவித்தது. வாழ்நாளில் பாதிக்கு மேல் முட்டைக்குள்ளேயே கழிகிறது!

நாள் நெருங்கும்போது முட்டையின்மேல் வியர்வை போல் நீர்த்துளிகள் அரும்பும். குஞ்சு தன் மூக்கு நுனியிலுள்ள சிறு பல்லால் ஓட்டைக் கீறும். தலையை நீட்டிவிட்டு ஒருநாள் முழுதும் அப்படியே படுத்திருக்கும். மீதமுள்ள மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. உதவி செய்கிறேன் என்று பிய்த்து எடுத்தால் குஞ்சு பிழைக்காது. வெளிவந்தவற்றுக்குப் பழ ஈ போன்ற மிகச் சிறிய பூச்சிகளே உணவு. இலைமேல் தெளித்த நீர்த்துளிகளை நக்கிக் குடிக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

ஊர்வனவற்றின் உடம்பில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வளர்க்க முடியவில்லை என்று பச்சோந்தியைச் செம்பனைத் தோப்பில் விட்டுவிடாதீர்கள். இதே இனம் அமெரிக்காவின் புளோரிடாவில் மனிதர் கைவிட்டுக் காட்டில் பெருகி, வேண்டாத விருந்தாளியாகிவிட்டது. தோட்டத்து மண்ணைக் கொத்தும்போது ஓணான் முட்டை தென்பட்டால், புரட்டாமல் மீண்டும் மூடிவிடச் சொல்லுங்கள். அதற்கு நம் டப்பா தேவையில்லை.

எங்கள் வீட்டுக் கதை என்னவாயிற்று என்கிறீர்களா? பெண் பச்சோந்தி ஒருமுறை சேர்ந்ததைக் கொண்டே மறுபடியும் கருவுற்ற முட்டைகள் இடக்கூடியது. நாலு மாதம் கழித்து மீண்டும் 24 முட்டைகள் இட்டது. இம்முறை டப்பாவுக்குக் காவல் என் தாயார்தான். யாரையும் கிட்ட விடவில்லை. தாமும் தொடவில்லை. ஏழாம் மாதம் ஒருநாள் விடியற்காலை, பசியாறக்கூட உட்காராமல் பேரனை எழுப்பினார்.

விரல் நீளத்தில் பச்சை உயிரொன்று ஓட்டைக் கீறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தாயார் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கை வைக்காம இருக்கறதும் வளக்கறதுதான் போலிருக்கு ஐயா," என்றார்.

அந்த முறை 19 குஞ்சுகள் பொரித்தன.