எழுத்தாளருக்கு ஓர் இணையத்தளம் – 6: பெயருக்குள் ஒரு தோட்டம்

முகநூல் நம்மைத் தெரிந்தவர்களுக்கு, சொந்தத் தளம் நம்மைத் தெரியாதவர்களுக்கு. அந்த இடத்தில் போன வாரம் நிறுத்தினோம்.

இந்த வாரம் முகப்புப் பக்கம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் தளத்துக்குப் பெயர் வைக்காமல் முகப்பு கட்ட முடியாது. பெயரைப் பற்றி இரண்டு பத்தி எழுதிவிட்டு நகரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மலையக எழுத்தாளர் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். தெளிவத்தை ஜோசப். மாத்தளை சோமு. மாத்தளை கார்த்திகேசு. மாத்தளை வடிவேலன். நூரளை சண்முகநாதன். பதுளை சேனாதிராஜா. மல்லியப்புசந்தி திலகர். பெயர்ப்பட்டியல் எழுதப் போய், பாதி மலைநாட்டின் தேசப்படத்தை எழுதி வைத்திருந்தேன். நூரளை என்றால் நுவரெலியா. மல்லியப்புச் சந்தி ஹட்டனை அடுத்த சந்தி. தெளிவத்தை ஒரு தேயிலைத் தோட்டம்.

ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொள்வது யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அங்கே ஊரில் ஒரு வளவு, ஒரு வயல், ஒரு கோயில் உரிமை இருக்கும். இங்கே தோட்டத்து நிலம் கம்பனியின் கையில், தொழிலாளர் குடியிருக்கும் லயமும் கம்பனியின் கையில். ஜோசப் 1934இல் பதுளைப் பக்கம் ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்தபோது எழுத வந்தார். பிறகு கொழும்புப் பக்கம் போய்ப் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். ‘காலங்கள் சாவதில்லை’, ‘நாமிருக்கும் நாடே’, ‘குடை நிழல்’ எல்லாவற்றின் அட்டையிலும் அந்தத் தோட்டம் அவரோடு கூடவே வந்தது. 2013இல் விஷ்ணுபுரம் விருது வாங்கப் போனபோதும், 2022இல் அவர் மறைந்த செய்தி வந்தபோதும் தெளிவத்தை இல்லாமல் ஜோசப் இல்லை. ஒரு பேர்ச் நிலம் சொந்தமில்லாத சனத்தின் எழுத்தாளர், தோட்டத்தின் பெயரை மட்டும் தனக்கென்று எடுத்துக்கொண்டார். எழுத்தாளருக்குத் தனக்கென்று ஒரு முகவரி வேண்டும் என்று ஐந்து வாரமாக நான் எழுதிக்கொண்டிருப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

முகவரி என்ற சொல் ஏன் என்னை விடமாட்டேன் என்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்த லயத்தில் வீட்டுக்கு இலக்கம் கிடையாது, பாதைக்குப் பெயர் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து கை மாறி, கை மாறி லயத்துக்கு வரும். அண்ணனுக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் வந்தது. அதே தோட்டத்தில் அதே பெயரில் நான்கு பேர். நான்கு லயத்தையும் சுற்றிவிட்டு அது அண்ணன் கைக்கு வந்தபோது, பரீட்சை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அம்மா அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். வெகுகாலம் அது அங்கேயே இருந்தது.

கூகுளிலும் இதேதான் நடக்கிறது. ‘ஜோசப்’ என்று தேடினால் உலகத்து ஜோசப்புகள் எல்லாரும் வந்து நிற்பார்கள். ‘தெளிவத்தை ஜோசப்’ என்றால் ஒருவர்தான். தேடுபொறி வருமுன்பே நம்முடைய மூத்தவர்கள் தேடலுக்கு ஏற்ற பெயரை வைத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே முதல் விதி: புத்தக அட்டையில் என்ன பெயரோ, அதே பெயர்தான் தளத்துக்கும். தளத்துக்காக ‘கவிஞர்’, ‘இலக்கியச்சுடர்’ என்று முன்னால் எதையும் சேர்க்காதீர்கள். வாசகர் அதைச் சேர்த்துத் தட்டமாட்டார்.

இரண்டாவது விதி ஆங்கில எழுத்தைப் பற்றியது. தளத்தின் முகவரியை வழக்கமாக ஆங்கில எழுத்தில் பதிவோம். தெளிவத்தையில் வரும் ‘த்தை’க்கு ஒரு டி போடுவதா, டி-யும் எச்-சும் போடுவதா, அதை இரட்டிப்பதா? வேலுப்பிள்ளைக்கு ஒரு பி-யா, இரண்டா? மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். ஆங்கிலம் வழியாக அவரைத் தேடுகிறவர் ஒரு எழுத்துக்கூட்டலில் வருவார், தமிழ் வழியாக வருகிறவர் ‘சி.வி.’ என்றே தட்டுவார். இரண்டு பேரும் ஒரே வாசலுக்கு வந்து சேரவேண்டும். உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இன்றே முடிவுசெய்யுங்கள். அடையாள அட்டை, நூலின் பின்னட்டை, முகநூல், தளம் நான்கிலும் அதே கூட்டல் இருந்தால் மிக நல்லது. ‘என்னைப் பற்றி’ பக்கத்தின் முதல் வரியில் புனைபெயர், இயற்பெயர், ஊர் மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். மலையக எழுத்தாளர் சாரல் நாடனின் இயற்பெயர் நல்லையா. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நல்லையாவைத் தெரிந்தவர் சாரல் நாடனைக் கண்டுபிடிக்கமாட்டார்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்க முடியாதா? முடியும். இலங்கைத் தளங்களின் முகவரி முடியும் புள்ளி-எல்கே உங்களுக்குத் தெரியும். அதைப் போலவே ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரிக்கு நம் நாடு 2010இலேயே அனுமதி பெற்றுவிட்டது. சிங்களத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. உங்கள் பெயர், ஒரு புள்ளி, இலங்கை. வீட்டு இலக்கம் இல்லாமல் வளர்ந்தவனுக்கு இதை முதல்முறை திரையில் பார்த்தபோது தொண்டை அடைத்தது. ஆனால் இதை மட்டும் நம்பியிருக்கவேண்டாம். கணினி உள்ளுக்குள் அந்தத் தமிழ் முகவரியை ஆங்கில எழுத்தாலான நீண்ட குறியீடாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது. சில இடங்களில் ஒட்டும்போது அந்தக் குறியீடே வெளியே தெரியும். ஆகவே ஆங்கில எழுத்து முகவரி முதன்மை, தமிழ் முகவரி அதற்கு வழிகாட்டி.

மூன்றாவது விதிதான் மிக முக்கியம்: தளத்தில் எழுத்தெல்லாம் யுனிகோடில் இருக்கவேண்டும். இருபது வருடத்துக்கு முன் நாமெல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் நம் கண்ணுக்கு அம்மா. கணினிக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அது தமிழே இல்லை. தமிழ் உருவம் போர்த்திய ஆங்கில எழுத்து. யாராவது ‘அம்மா’ என்று தேடினால் உங்கள் அம்மா அகப்படமாட்டாள். பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒரு சிறுகதைக்கு ஒரு நிமிடம் போதும். மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். கவிதையைப் பூப்படத்தின் மேல் எழுதிப் படமாகப் போடுகிறவர்களும், அதே கவிதையைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் போடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அச்சில் தீர்ந்துபோன நூல்கள் இருந்தால் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் நூல் அங்கே இருந்தால் உங்கள் தளத்திலிருந்து அதற்கு ஓர் இணைப்புக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்களுக்குக் கொடுங்கள். தளத்துக்கு வருடா வருடம் பணம் கட்டவேண்டும். நமக்குப் பிறகு யார் கட்டுவார்கள்? தளம் போனாலும் நூல் நிற்கவேண்டும்.

முகப்புப் பக்கம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதை எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். தோட்டத் தொழிலாளரின் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் போக வழியில்லாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் லயத்துக்குள் நுழைந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் தாமே பாடினார். அந்தப் பாட்டுகள் சிறு நூலாக அச்சேறிச் சனத்தின் கைக்குப் போயின. முதலில் பாட்டு காதில் விழுந்தது, பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது. முகப்புப் பக்கத்தின் முழு இரகசியமும் அந்த வரிசையில் இருக்கிறது.

அதற்குள் ஒரு வேலை. இன்றிரவு போனை எடுத்து உங்கள் பெயரைத் தேடுங்கள். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் நீங்கள் எழுதுகிற மாதிரி ஒருமுறை, மற்றவர்கள் தவறாக எழுதுகிற மாதிரி ஒருமுறை. என்ன வந்தது, என்ன வரவில்லை என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எத்தனையோ வருடம் நம் கடிதங்கள் வேறு லயங்களைச் சுற்றிவிட்டுப் பிந்தி வந்தன. நம் புத்தகங்களுக்கும் அப்படி நடக்க விடாதீர்கள்.