பேப்பர் போடுவதற்கு முன்னால் ஒரு வரிசைக் கணக்கு

"பேப்பர் போட்டுறலாமுங்களாண்ணா?"

வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் ஐ.டி. கம்பெனிகளில் இருக்கும் தம்பி, தங்கைகள். (பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா கொடுப்பது. மற்ற துறைக்காரர்களுக்காகச் சொல்கிறேன்.) கதை எப்பவும் ஒன்றுதான். வேறொரு கம்பெனியில் மூன்று ரவுண்டு முடிஞ்சிருக்கும். எச்.ஆர். "பாசிட்டிவ்தான்" என்றிருப்பார். அப்புறம் ஐந்து வாரமாகச் சத்தமே இருக்காது. எப்படியும் வந்துரும், இப்பவே போட்டால் நோட்டீஸ் பீரியட் 90 நாளில் கொஞ்சம் குறையுமே என்று மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிரும்.

நான் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன். ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், தாமதத்துக்கும் உங்கள் திறமைக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. அது ஒரு வரிசை, அவ்வளவுதான்.

வரிசைகளுக்கு ஒரு எளிய விதி உண்டு. ஜான் லிட்டில் என்பவர் 1961ல் அதை நிரூபித்தார். வரிசை ஓரளவு நிதானமாக ஓடுகிறது என்றால், உள்ளே நிற்கிற ஆட்களின் எண்ணிக்கையை, நிமிஷத்துக்கு எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்பதால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்னபூர்ணாவில் 30 பேர் நிற்கிறார்கள், நிமிஷத்துக்கு 2 பேருக்கு இடம் கிடைக்கிறது என்றால் 15 நிமிஷம். காபி நல்லா இருக்குமா என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு கிடையாது.

இப்போ இதை இன்டர்வியூவுக்குப் போட்டுப் பாருங்க. ஒரு டீமுக்கு 24 பேர் பல ரவுண்டுகளில் நிற்கிறார்கள், வாரத்துக்கு 3 பேருக்குத்தான் ஆம் அல்லது இல்லை என்று முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 8 வாரம். எச்.ஆர். நல்லவரா கெட்டவரா என்பது இதில் வரவே இல்லை. புதிதாக ஆள் எடுப்பதை மேலிடம் நிறுத்திவைத்தால் வெளியேறும் எண்ணிக்கை சைபர். சைபரால் வகுத்தால் என்ன ஆகும் என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிட்டாங்க.

அதனால்தான் "என் ஸ்டேட்டஸ் என்னங்க?" என்ற கேள்வியால் பிரயோஜனம் இல்லை என்கிறேன். பதில் "பிராசஸ்ல இருக்கு" என்றுதான் வரும். வரிசையைப் பற்றிக் கேளுங்க. இந்த டீமில் எத்தனை இடம் காலி, இன்னும் யாருடைய ஒப்புதல் பாக்கி, போன மாசம் இந்த டீமில் யாராவது சேர்ந்தாங்களா. மூன்றாவது கேள்விதான் முக்கியம். யாருமே சேரவில்லை என்றால், உங்கள் ரவுண்டு எவ்வளவு நன்றாகப் போயிருந்தாலும் வரிசை நகரவில்லை என்று அர்த்தம்.

நம்ம ஊரில் இதைச் சிக்கலாக்குவது 90 நாள் நோட்டீஸ். எட்டு வாரம் இன்டர்வியூ, மூன்று வாரம் சம்பளப் பேச்சும் ஆஃபரும், பதின்மூன்று வாரம் நோட்டீஸ். மொத்தம் 24 வாரம். தைப்பொங்கல் முடிஞ்சு முதல் ரவுண்டு போனவர் ஆனி மாசம்தான் புது ஆபீஸுக்குள் நுழைவார். கொஞ்சம் தள்ளிப்போனால், "ஆடியில எதுக்குடா புது வேலை" என்று வீட்டில் இன்னொரு மாசம் கூட்டிருவாங்க.

அந்த 90 நாளில் ஆள் கையில் ஆஃபரை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு இடத்தில் பேசுவார். வராமல் போகிறவர்கள் அதிகம் என்பதால் கம்பெனியும் தேவைக்கு மேல் ஆஃபர் கொடுக்கும். இடையில் புராஜெக்ட் சுருங்கினால் சேரும் தேதியைத் தள்ளும். இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் நம்பாததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் இழப்பு சமமில்லை. கம்பெனிக்கு ஒரு நாற்காலி காலி. உங்களுக்கு மாசம் பிறந்தால் வீட்டுக்கடன் தவணை.

இது கற்பனைப் பயம் இல்லை. 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டது. இன்ஃபோசிஸ் 2022ல் எடுத்த புதியவர்களில் சுமார் 2,000 பேர் இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார்கள் என்று, புனேயைச் சேர்ந்த நைட்ஸ் என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு 2024ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்துக்குப் புகார் கொடுத்தது. இவர்களாவது கல்லூரி முடித்து வந்தவர்கள். 2025 ஜூலையில் அதே அமைப்பு டி.சி.எஸ். பற்றிப் புகார் செய்தது. அனுபவம் உள்ள 600க்கும் மேற்பட்டவர்கள் ஆஃபரை நம்பிப் பழைய வேலையை விட்டுவிட்டு, சேரும் தேதி தள்ளிப்போய் நிற்கிறார்கள் என்று. கொடுத்த ஆஃபர்களைக் காப்பாற்றுவோம் என்று கம்பெனி சொன்னது. சரி, ஆனால் இடைப்பட்ட மாசங்களின் சம்பளத்தை யார் கொடுப்பது?

இந்த இடத்தில் கோயமுத்தூர்க்காரனுக்குப் பஞ்சாலைகளின் பதிலித் தொழிலாளிகள் ஞாபகம் வராமல் இருக்காது. யாராவது வராவிட்டால் அன்றைக்கு வேலை, இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். ஆனால் 1947 தொழில் தகராறுச் சட்டம் பதிலி என்றால் யார் என்று எழுதி வைத்தது. ஒரு வருஷம் தொடர்ச்சியாக வேலை பார்த்தவரை, லே-ஆஃப் நஷ்டஈட்டுக் கணக்கில் பதிலி என்று ஒதுக்க முடியாது என்றும் சொன்னது. ஆஃபர் லெட்டரோடு காத்திருப்பவருக்கு அப்படி ஒரு பேர்கூடச் சட்டத்தில் இல்லை. பழைய மஸ்டர் ரோலிலும் இல்லை, புதுசிலும் இல்லை.

அதனால் என் கட்சி இதுதான்: கையில் வேலை இருக்கும்வரை தாமதம் அவர்கள் பிரச்சினை. பேப்பர் போட்ட அன்றைக்கு அது உங்கள் பிரச்சினை ஆகிறது. "பாசிட்டிவ்" என்ற ஒரு வார்த்தைக்காக அந்த நாளை முன்னால் இழுப்பது, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

மற்றவை சில்லறை விஷயங்கள். எல்லா ரவுண்டுக்கும் லீவு போட்டால் லீவும் தீரும், மேனேஜருக்கும் வாசம் அடிக்கும். காலை 8 மணிக்கோ ராத்திரி 7க்கு மேலோ வீடியோ காலில் வைக்கச் சொல்லிக் கேளுங்க, இரண்டு ரவுண்டை ஒரே நாளில் முடிக்க முடியுமா என்று கேளுங்க. தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாங்க. நான் ஆள் எடுத்தபோது அப்படிக் கேட்டவர்களை மதிச்சிருக்கேன். பழைய இடத்தில் விடுபடாமலே புது இடத்தில் சேர்ந்துவிடலாம் என்று மட்டும் யோசிக்காதீங்க. பி.எஃப். கணக்கு ஒரே யு.ஏ.என். எண்ணில் ஓடுகிறது, இரண்டு கம்பெனித் தேதிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் தெரிந்துவிடும்.

ஆஃபர் வந்ததும் சம்பளத்துக்கு முன்னால் சேரும் தேதி பற்றிய பத்தியைப் படிங்க. "நிறுவனத் தேவைக்கேற்ப மாறலாம்" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், எவ்வளவு நாள் மாறலாம் என்று மெயிலில் கேட்டு, பதில் எழுத்தில் வந்த பிறகு பேப்பர் போடுங்க. நோட்டீஸின் 60ஆவது நாளில் அதே மெயிலுக்குக் கீழேயே இன்னொரு முறை தேதியை உறுதி கேளுங்க. அன்றைக்குத் தேதி தள்ளுகிறது என்று தெரிந்தால், பழைய மேனேஜரிடம் போய் "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போறேனுங்க" என்று பேச உங்களுக்கு 30 நாள் மிச்சம் இருக்கும்.