மின்சூளும் வெப்பமும்

சிவனொளிபாத மலைத்தொடரிலே பிறந்து, கொழும்பின் வட எல்லையில் முகத்துவாரத்துக்கு அருகே கடலோடு கலப்பது களனி கங்கை. மலைநாட்டில் அடைமழை பொழிந்தால் அந்நீர் விரைவிலேயே தலைநகரின் வாயிலுக்கு வந்துவிடும். அப்போது நாகலகம் வீதியிலுள்ள நீர்மட்ட அளவுகோல் எத்தனை அடி காட்டுகின்றது என்பதே கொட்டாஞ்சேனை முதற் கடுவலை வரையுள்ளாரின் ஒரே கேள்வியாகின்றது. 2016ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வீசியபோதும், கங்கை கரைபுரண்டு தாழ்நிலக் குடியிருப்புகளுட் புகுந்தது.

வெள்ளம் புகுந்த இடத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுவது வழக்கம். பிறகு இருளிலே படகு செலுத்துவோருக்குத் துணையாக இருப்பது கையில் ஏந்திய மின்சூள் ஒன்றேயாகும். டோர்ச் என்று யாவரும் வழங்கும் அச்சிறு கருவி, கூரைமேல் நிற்பவரைக் காட்டவேண்டும். நீருக்கடியில் மறைந்து நிற்கும் மதிலையும் கம்பியையும் காட்டவேண்டும். பேரொளி தருவதென்று விலைகொடுத்து வாங்கிய மின்சூள், ஏற்றிய நாலைந்து நிமிடங்களில் தானாகவே மங்கிப்போவதைப் பலர் கண்டிருப்பர். மின்கலம் தீர்ந்துவிட்டது என்று அவர்கள் எண்ணுவர். பெரும்பாலும் காரணம் அதுவன்று. கருவி சூடேறிவிட்டது, தன்னைத் தானே காத்துக்கொள்ள ஒளியைக் குறைத்துக்கொண்டது. சிறந்த மின்சூளையும் மட்டமான மின்சூளையும் பிரித்தறியும் உரைகல் இந்த வெப்பமேயாகும்.

ஒளியும் வெப்பமும் இணைபிரியாதவை என்பது பழைய அனுபவம். களனி ரஜ மகா விகாரையில் ஆண்டுதோறும் நடைபெறும் துருத்துப் பெரஹராவில் பந்தம் ஏந்திச் செல்வோரைப் பார்த்தவர்கள் இதனை அறிவர். சுடர் எரியும்போது அதன் ஆற்றலின் மிகப் பெரும்பங்கு வெப்பமாகவே போய்விடுகின்றது. ஆயினும் அவ்வெப்பம் பந்தத்துக்குத் தீங்கு செய்வதில்லை. சுடரோடு சேர்ந்து மேலெழுந்து காற்றில் மறைகின்றது.

1899ஆம் ஆண்டிலே டேவிட் மைசெல் என்பார் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற கைமின்விளக்கும், அதன்பின் நூறாண்டுக் காலம் உலகெங்கும் வழங்கிய மின்சூள்களும் இழைக் குமிழ் கொண்டவை. பிற்காலக் குமிழ்களினுள் மெல்லிய தங்குதன் இழை 2000 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறி ஒளிரும். அது வாங்கும் ஆற்றலிற் பத்தில் ஒரு பங்குகூடக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியாவதில்லை; எஞ்சியதிற் பெரும்பாகம் செங்கீழ்க் கதிராகி, ஒளியோடு சேர்ந்து கண்ணாடி வழியே முன்னோக்கி வெளியேறுகின்றது. ஆகவே இழைக் குமிழ் வீண்செலவாளியாயினும், தன் வெப்பத்தைத் தானே வெளியேற்றும் இயல்புடையது. சூடாக இருப்பதே அதன் தொழில்.

ஒளிகாலும் இருவாயி, அதாவது எல்.ஈ.டி., இதற்கு நேர்மாறானது. நீல ஒளி தரும் திறமான இருவாயிகளை ஆக்கிய அக்காசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்நீல ஒளியை ஒளிர்பொருட் பூச்சொன்றின் வழியே செலுத்தி வெள்ளொளி பெறுவதே இன்றைய முறை. இவ்விருவாயி இழைக் குமிழினும் பன்மடங்கு சிக்கனமானது. எனினும், உயர்ந்த மின்னோட்டத்தில் இயங்கும்போது வாங்கும் ஆற்றலிற் பாதிக்கு மேற்பட்டது வெப்பமாகவே மாறுகின்றது. அவ்வெப்பம் கதிராக முன்னே பாய்வதில்லை. கடுகளவான ஒரு சில்லினுள்ளே தங்கிவிடுகின்றது. அதனைப் பின்புறமாக, திண்பொருள் வழியே கடத்தி வெளியேற்றினாலன்றி வேறு வழியில்லை. சில்லு சூடேறச் சூடேற ஒளி குன்றும், ஆயுள் குறையும், ஏறத்தாழ 150 பாகையைத் தாண்டினாற் பழுதடையவும் கூடும்.

ஆகவே மின்சூளை அமைப்பவர் முதலிற் செய்யவேண்டியது, சில்லிலிருந்து வெளிக்காற்று வரை வெப்பம் செல்லத் தடையற்ற பாதை ஒன்றை வகுப்பதாகும். பாதையின் ஒவ்வொரு படியும் வெப்பத்துக்குச் சிறிது தடை விதிக்கும். சில்லில் ஒவ்வொரு செக்கனும் உண்டாகும் வெப்பம் 10 வாற்று என்க. பாதையின் மொத்தத் தடை வாற்றுக்கு 2 பாகையாயின், சில்லு கருவியின் உடலைவிட 20 பாகையே கூடுதலாகச் சூடேறும். தடை 8 பாகையாயின், அது 80 பாகை கூடுதலாகும். உடல் 55 பாகையில் இருக்கும்போது முன்னதன் சில்லு 75 பாகையிலும், பின்னதன் சில்லு 135 பாகையிலும் நிற்கும். வெளியிலே தொட்டுப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. உள்ளே ஒன்று நலமாகவும் மற்றது வேதனையிலும் இருக்கின்றது.

இப்பாதையிற் பதுங்கியிருக்கும் பெரும்பகை காற்று. இரு உலோகப் பரப்புகளை எவ்வளவு இறுகப் பொருத்தினாலும் இடையே நுண்ணிய குழிகள் இருக்கும். அவற்றிற் காற்று நிறைந்திருக்கும். காற்றோ அலுமினியத்தினும் ஆயிரக்கணக்கான மடங்கு மந்தமாக வெப்பத்தைக் கடத்துவது. அக்குழிகளை வெப்பப் பசை கொண்டு நிரப்புவர். பசை உலோகம்போற் கடத்தாது. எனினும் காற்றினும் பல பத்து மடங்கு மேலானது. ஆதலின் மெல்லிதாகப் பூசுவதே முறை. தடித்தாற் பசையே தடையாகும். சில்லைச் செப்புத் தகட்டின்மேல் நேராகப் பற்றவைத்து, அத்தகட்டை உடலோடு ஒரே வார்ப்பாக அமைந்த தட்டில் இறுக்குவது நல்ல அமைப்பு. சில்லுத் தட்டினைத் தளர்ந்த வளையமொன்றிற் செருகி, அதனைக் குழாயினுள் நுழைத்துவிடுவது மலிவான அமைப்பு. அங்கே வெப்பத்தின் வழி பாதியிலேயே அறுந்துவிடுகின்றது.

உடலுக்கு உகந்த பொருள் எது? செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தை வெல்லும். ஆனால் மூன்று மடங்கு பாரமானது. துருவேறா உருக்கு அழகானது. ஆயினும் அலுமினியக் கலப்புலோகத்தின் பத்தில் ஒரு பங்களவே கடத்துவது. பிளாத்திக்கு ஏறத்தாழக் காவலியே. ஆகவே அலுமினியமே பெரும்பாலோரின் தேர்வு. அதன்மேல் மின்பகுப்பு முறையால் இடும் ஒட்சைட்டுப் பூச்சுக் கீறலைத் தடுப்பதோடு வேறொரு நன்மையும் செய்கின்றது. பளபளக்கும் வெற்று அலுமினியம் வெப்பத்தைக் கதிர்ப்பதிற் சோம்பேறி. பூச்சிட்ட பரப்போ பன்மடங்கு நன்றாகக் கதிர்க்கும். நிறம் கறுப்பாக இருக்கவேண்டும் என்பதில்லை.

இலங்கை மண்ணின் செல்வமொன்றும் இங்கே நினைவுக்கு வரும். கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்திலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹச் சுரங்கத்திலும் கிடைக்கும் காரீயம், தூய்மையிற் பெயர்பெற்றது. உலோகம் உருக்கும் மூசைகளுக்காக அது கொழும்புத் துறைமுகம் வழியே நெடுங்காலம் ஏற்றுமதியானது. கடுஞ்சூட்டைத் தாங்குவதும் அதனை விரைந்து கடத்துவதுமாகிய இரு குணங்களும் அதற்கு உண்டு. காரீயம் ஏடு ஏடாக அடுக்கப்பட்ட அமைப்புடையது; ஏட்டின் வழியே வெப்பம் மிக விரைவாகவும், ஏட்டைக் கடந்து மிக மெதுவாகவும் செல்லும். இக்குணத்தைக் கொண்டே, கைத்தொலைபேசி போன்ற கருவிகளில் ஓரிடத்துச் சூட்டை மெல்லிய காரீயத்தாளினாற் பரவச் செய்கின்றனர்.

பாதை செம்மையாயினும் கணக்கு முடிந்துவிடவில்லை. உடலுக்கு வந்த வெப்பம் காற்றிற் சேரவேண்டும். 110 கிராம் அலுமினியத்தாலான கையடக்க மின்சூளை எடுத்துக்கொள்வோம். அதனை ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 100 யூல் ஆற்றல் வேண்டும். 10 வாற்று வெப்பம் வந்துகொண்டிருந்தால், 10 செக்கனுக்கு ஒரு பாகை ஏறும். 30 பாகையில் தொடங்கினால், ஏறத்தாழ நாலு நிமிடங்களில் 55 பாகையை எட்டிவிடும். அதற்குமேற் கை பொறுக்காது. நாலு நிமிடத்தில் ஒளி குறைவதன் இரகசியம் இதுவே.

அந்நிலையில் உடல் காற்றுக்கு எவ்வளவு வெப்பத்தைக் கொடுக்கின்றது? அமைதியான காற்றில், 100 சதுர சென்ரிமீற்றர் பரப்பு, ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ வாற்றிற் பத்தில் ஒரு பங்கையே வெளியிடும். கொழும்பின் 30 பாகை இரவில் வேறுபாடு 25 பாகை. வெளியேறுவது இரண்டரை வாற்று மாத்திரமே. அதே மின்சூளை நுவரெலியாவின் 10 பாகைக் குளிரிற் பிடித்தால் வேறுபாடு 45 பாகை. வெளியேறுவது நாலரை வாற்று. ஆகவே குளிர்நாட்டில் அளந்து பெட்டியில் அச்சிட்ட ஒளியும் நேரமும் களனிக் கரைக்குப் பொருந்தா. 10 வாற்றையும் இடையறாது வெளியேற்றவேண்டுமாயின், இக்கரையில் நாலு மடங்கு பரப்பு வேண்டும். தலைப்பகுதியிற் சிறகுகள் போல வரித்தகடுகளைக் கடைவது அதற்காகவே. அத்தகடுகளிடையே சேறு படிந்தால் அவற்றின் பயனும் போய்விடும். மிகப் பேரொளி மின்சூள்கள் சிலவற்றிற் சிறு விசிறியும் உண்டு.

இறுதிக் காவலன் வெப்பவுணரி. சில்லின் அருகே அமைந்த அச்சிறு தடையி சூட்டை அளந்து, எல்லை நெருங்கும்போது மின்னோட்டத்தைக் குறைக்கச் செய்கின்றது. இக்காவல் மின்கலத்துக்கும் வேண்டும்; ஏனெனில் இலிதிய அயன் மின்கலங்கள் 60 பாகைக்கு மேல் இயங்குவது நன்றன்று; மிகையாகச் சூடேறினால் தீப்பற்றவும் கூடும். நல்ல அமைப்பு ஒளியைச் சட்டென வெட்டாது, சிறிது சிறிதாகக் குறைக்கும். ஒளி பாதியானாலும் கண்ணுக்கு அது பாதியாகத் தோன்றுவதில்லை. ஆதலின் மெல்லக் குறைந்த ஒளியிற் படகோட்டி தடுமாறமாட்டான். திடீரென அணைந்த ஒளியிலோ ஒரு கணம் குருடனாவான்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. அப்போது வெள்ளவத்தை மாடிவீடுகளில் மின்சூளே வீட்டு விளக்காயிற்று. அத்தகைய வேளைகளுக்கும் வெள்ள இரவுகளுக்கும் சில எளிய விதிகள் உதவும். வாங்கும்போது, உச்ச ஒளி எவ்வளவு என்பதைவிட, ஒரு மணி நேரம் நிலைக்கும் ஒளி எவ்வளவு என்று கேட்பது நலம். ஒரே ஒளியுடைய இரண்டனுள், பாரமானதும் பரப்புக் கூடியதுமே நெடுநேரம் தாங்கும். எரியும் மின்சூளைப் பையிலோ தலையணையருகிலோ வைத்தலாகாது. வெறுங்கையாற் பிடிப்பது நன்று; உடலின் குருதியோட்டமே அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். சுடச்சுட நீரில் அமிழ்த்துவது தவறு. உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, இறப்பர் வளையத்தின் வழியே நீரை உள்ளிழுக்கும். முழு ஒளியைத் தேடும் கணத்துக்கென ஒதுக்கி, மற்ற நேரமெல்லாம் நடுத்தர ஒளியில் வைத்திருப்பவரே, கூரைமேல் நின்று ஒருவர் குரல் கொடுக்கும்போது அந்த நாலு நிமிடப் பேரொளியைக் கையில் உடையவராவார்.