வழங்கி திணறுதா? பழைய எண்ணை நம்பாதீங்க!

ஆசிரியர்களே, கணினி மன்றத்துக்காக லினக்ஸில் மைன்கிராஃப்ட் வழங்கி நடத்துறீங்களா? ஜொகூரில் என் மாணவர்களுக்காக நான்கு கரு கொண்ட பழைய கணினியில் நடத்துகிறேன். அதில் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

மைன்கிராஃப்டின் முக்கிய வேலை பெரும்பாலும் ஒரே இழையில் ஓடும். வேறு கனமான வேலை அதே கருவுக்கு வந்தால், "டீச்சர், லேக் ஆகுது" என்பார்கள் பிள்ளைகள். ஒரு நிரல் எந்தக் கருவில் ஓடலாம் என வரையறுப்பது டாஸ்க்செட் கட்டளை. கருக்களை 0, 1, 2, 3 என எண்ண வேண்டும்.

நான் சறுக்கியது எங்கே? வழங்கியின் செயல்முறை எண்ணை எழுதி வைத்து, கணினியை மறுபடி திறந்த பிறகும் அதையே போட்டேன். அந்த எண் கிளினிக் வரிசைச் சீட்டு மாதிரி. மறுநாள் வேறொருவர் கையில் இருக்கும். சக ஆசிரியரின் காணொளி மாற்றும் வேலை ஒரே கருவில் மாட்டிக்கொண்டது. காலை சபைக்கூடலுக்குள் முடியவில்லை. வழங்கியும் திணறியது.

இப்படிச் செய்யுங்க:

1. வழங்கியைத் தொடங்கும்போதே டாஸ்க்செட் வழியாகத் தொடங்குங்கள். எண்ணே தேவையில்லை.

2. ஏற்கெனவே ஓடினால், பிஜிரெப் மூலம் அன்றைய எண்ணைத் தேடுங்கள். டாஸ்க்செட்டில் 'ஏ' விருப்பத்தைச் சேருங்கள். இல்லையென்றால் ஒரு இழை மட்டுமே மாறும்.

3. வழங்கிக்கு 2, 3 என இரு கருக்கள் கொடுங்கள். மற்ற வேலைகள் தாமாக விலகாது. அவற்றை 0, 1-க்கு நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

எண் மாறும், நிரலின் பெயர் மாறாது. பெயரைப் பார்த்துவிட்டுக் கட்டளை கொடுங்க.