வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: சம்பளம் எவ்வளவு, வீடு வந்து சேர்வது எவ்வளவு?



சமீப காலமாக வில்லியனூர், பாகூர், திருபுவனை பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போனால் ஒரே மாதிரியான கடன் விண்ணப்பம் வருகிறது. "என் பொண்ணு பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடிச்சிருக்கா. மாலத்தீவுல டீச்சர் வேலை வந்திருக்கு. மாசம் எண்பத்தெட்டாயிரம் சம்பளமாம். ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டணும். குழுவுல கடன் குடுங்க."

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. கைநாட்டு வைத்த அம்மாக்களின் பிள்ளைகள் இன்று கடல் கடந்து பாடம் நடத்தப் போகிறார்கள். ஆனால் ஒன்றரை லட்சம் என்பது பல உறுப்பினர்கள் வாராவாரம் சேர்த்த சேமிப்பு. அதைக் கொடுப்பதற்கு முன் குழு ஒரு கேள்வி கேட்க வேண்டும். "சம்பளம் எவ்வளவு?" என்று எல்லோரும் கேட்கிறோம். "அதில் எவ்வளவு நம்ம பாஸ்புக்கில் வந்து விழும்?" என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் ஒன்று இல்லீங்க. எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை

வெளிநாட்டுச் சம்பளம் புதுச்சேரிக்குப் பழக்கமானதுதான். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கிருந்து ஏராளமானோர் சைகோனுக்குப் போய் அரசாங்க வேலை பார்த்தார்கள். அங்கே நடப்பில் இருந்த பணத்துக்குப் பெயர் பியாஸ்தர். 1945 கடைசியிலிருந்து ஒரு பியாஸ்தருக்கு 17 பிராங்க் என்று அரசாங்கம் மதிப்பு வைத்திருந்தது. 1953 மே மாதம் அதையே 10 பிராங்க் என்று குறைத்துவிட்டது. பியாஸ்தரில் சம்பளம் வாங்கியவருக்கு வேலையும் குறையவில்லை, சம்பளச் சீட்டில் எண்ணும் மாறவில்லை. ஆனால் அந்தப் பணத்தின் மதிப்பில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே அறிவிப்பில் போய்விட்டது.

ஆசிரியர்களுக்கும் இதே போல நடந்திருக்கிறது. 1970களில் நைஜீரியா நாட்டில் பெட்ரோல் பணம் வந்து, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். இந்தியாவிலிருந்து நிறைய ஆசிரியர்கள் போனார்கள். 1985-ல் ஒரு டாலர் வாங்க ஒரு நைரா கூடத் தேவைப்படவில்லை. 1987-ல் அதே டாலருக்கு சுமார் 4 நைரா கொடுக்க வேண்டியிருந்தது. அதே சம்பளம், அதே வேலை. ஊருக்கு அனுப்பினால் முன்பு போனதில் கால் பங்குதான்.

இதிலிருந்து தெரிவது என்ன? சம்பளம் எந்த நாட்டுப் பணத்தில் தருகிறார்கள், அந்தப் பணம் சுலபமாக ரூபாயாக மாறுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாலத்தீவு: கணக்கு போட்டுப் பார்ப்போம்

மாலத்தீவு நமக்குப் பக்கத்து நாடு. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் நடக்கின்றன. சொந்த நாட்டு ஆசிரியர்கள் போதாததால் பல வருடங்களாக கேரளா, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஆசிரியர்கள் போகிறார்கள்.

அரசுப் பள்ளியில் சம்பளம் அந்த நாட்டுப் பணமான ரூபியாவில் தருவார்கள். பெயர் நம்ம ரூபாய் மாதிரி இருந்தாலும் அது வேறு பணம். பேங்க் கணக்குப்படி 15.42 ரூபியா ஒரு டாலர். ஆனால் அந்த நாடு அரிசி, பருப்பு, காய்கறி, பெட்ரோல் எல்லாவற்றையும் வெளியிலிருந்து டாலர் கொடுத்துத்தான் வாங்குகிறது. அதனால் டாலருக்கு எப்போதும் தட்டுப்பாடு.

அங்கே வேலை பார்க்கும் இந்தியர்கள் பலர் ஸ்டேட் பேங்க்கின் மாலே கிளை வழியாக ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். இந்தக் கிளை 1974 முதல் இருக்கிறது. ஒருவர் மாதம் 400 டாலர் வரை அனுப்பலாம் என்று இருந்ததை, டாலர் தட்டுப்பாட்டால் 2025 அக்டோபரில் 150 டாலராகக் குறைத்தார்கள். இந்த வரம்பு கூடலாம், குறையலாம். போகிற சமயத்தில் எவ்வளவு என்று பேங்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைக்கு 150 டாலர் என்று வைத்தே ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடம் பள்ளிக்கூடமே கொடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

• சம்பளம் 15,420 ரூபியா. அதாவது 1,000 டாலர். ஏஜெண்ட் கணக்கில் 88,000 ரூபாய்.
• சாப்பாடு, போன், படகுச் செலவு, கைச்செலவு 4,420 ரூபியா. மீதி 11,000 ரூபியா.
• பேங்க் வழியாக அனுப்புவது 150 டாலர். இதற்கு 2,313 ரூபியா கட்ட வேண்டும். வீட்டுக்கு வருவது 13,200 ரூபாய்.
• அங்கேயே தங்கிவிடும் பணம் 8,687 ரூபியா.
• ஒன்றரை லட்சம் கடனுக்கு நூத்துக்கு 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 3,000 ரூபாய்.
• வட்டி போக அம்மா கையில் நிற்பது 10,200 ரூபாய். அசல் இன்னும் தொடவே இல்லை!

எண்பத்தெட்டாயிரம் எங்கே, பத்தாயிரத்து இருநூறு எங்கே! "மீதி 8,687 ரூபியா பொண்ணுடையதுதானே?" என்று கேட்பீர்கள். அவளுடையதுதான். ஆனால் அது மாதா மாதம் தவணை கட்ட உதவாது. "வெளியில டாலர் வாங்கி அனுப்பிக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். வெளியில் விலை அதிகம். அனுமதி இல்லாதவரிடம் வாங்குவது சட்டப்படி தப்பு. பணத்தைப் பறிகொடுத்தால் போலீசுக்குக் கூடப் போக முடியாது.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். அதே பெண் இங்கே ஒரு தனியார் பள்ளியில் 15,000 வாங்கி, வீட்டிலேயே சாப்பிட்டு, பஸ்ஸுக்கு 1,500 செலவு செய்தால் 13,500 நிற்கிறது. கடனும் இல்லை. சம்பளம் டாலரில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, கடன் இல்லாமல் போக முடிந்தாலோ கணக்கு வேறு மாதிரி வரும். அதனால்தான் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகக் கணக்கு போட வேண்டும் என்கிறோம்.

வளைகுடா நாடு: அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள்

துபாய், அபுதாபி இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்தப் பிரச்சனை இல்லை. 3.67 திர்ஹாம் ஒரு டாலர் என்பது 1997 முதல் மாறாமல் இருக்கிறது. தடையில்லாமல் ஊருக்கு அனுப்பலாம். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது வேறு.

ஒப்பந்தத்தில் "மொத்தச் சம்பளம் 4,000 திர்ஹாம்" என்று இருக்கும். அதைப் பிரித்துப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம், வீட்டுப்படி, பயணப்படி என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடுவார்கள். முதல் 5 வருடம் வரை ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். ஒரு வருடமாவது முடித்திருக்க வேண்டும்.

இரண்டு பெண்கள் இருவருமே 4,000 வாங்குகிறார்கள் என்று வைப்போம். ஒருத்திக்கு அடிப்படை 1,500, இன்னொருத்திக்கு 3,000. நான்கு வருடம் கழித்து முதல் பெண்ணுக்குப் பணிக்கொடை 4,200 திர்ஹாம். இரண்டாவது பெண்ணுக்கு 8,400. வித்தியாசம் நம்ம பணத்தில் சுமார் ஒரு லட்சம் ரூபாய்! கையெழுத்து போடுவதற்கு முன்னாடி ஒரு வரி படித்தால் கிடைக்கும் லட்சம் இது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் பொதுவாகச் சம்பளம் குறைவு, பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் அதிகம். ஏஜெண்ட் "துபாய் டீச்சர் சம்பளம்" என்று பெரிய தொகை சொன்னால், எந்தப் பள்ளி, எந்தப் பாடத்திட்டம் என்று கேளுங்கள்.

எல்லா நாடும் நம்மை எடுக்காது

இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தால் போதும், எந்த நாட்டிலும் டீச்சர் ஆகலாம் என்று நினைப்பது தப்பு. தென் கொரியாவில் இங்கிலீஷ் டீச்சர் விசா அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக்காரர்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா ஒப்பந்தத்தில், ஆசிரியர் தகுதிச் சான்று உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் உதவி ஆசிரியராக வர வழி வைத்தார்கள். டிகிரி மட்டும் போதாது. "கொரியாவில் டீச்சர் வேலை, டிகிரி இருந்தா போதும்" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

அதைவிட ஆபத்தானதும் உண்டு. 2022 முதல், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போன இந்திய இளைஞர்களை மியான்மர் எல்லைக்குக் கடத்தி, இணைய மோசடி வேலை செய்ய வைத்த சம்பவங்கள் நடந்தன. டீச்சர் வேலையாகவே இருந்தாலும் "இப்போ டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்றால் போகவே கூடாது.

பூடான் வேறு வகை. அங்கே ஆசிரியர் எடுக்கும் வேலையை எட்சில் என்ற மத்திய அரசு நிறுவனம் செய்திருக்கிறது. பூடான் பணமும் நம்ம ரூபாயும் ஒரே மதிப்பு. இப்படிப்பட்ட அறிவிப்பு வந்தால் விடாமல் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.

ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இதைத்தான் எல்லா உறுப்பினர்களும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 1983-ம் வருட குடிபெயர்வுச் சட்டத்தின் விதிப்படி, பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. இதற்கு ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டரை லட்சம் என்று கேட்பவர் சட்டத்தை மீறுகிறார். அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது, வேலைக்குப் போகிறவர் தலையில் கட்டக்கூடாது.

ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். படித்த பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இலவச போன் எண் 1800-11-3090. தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சேர்த்து சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. போன பிறகு பிரச்சனை என்றால், 2015-ல் தொடங்கிய மதத் என்ற அரசு இணையதளத்தில் இங்கிருந்தே அம்மா அப்பா புகார் பதியலாம்.

சம்பளம் தவிர பார்க்க வேண்டியவை

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். எந்தத் தீவில் போடுவார்கள் என்பது முக்கியம். சில தீவுகளில் ஒரு மணி நேரத்தில் ஊரையே சுற்றி வந்துவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் படகில் போக வேண்டியிருக்கும். காய்கறி விலை அதிகம், மீன்தான் தாராளம். தனியாக இருந்து பழகாத பிள்ளைக்கு இது பெரிய கஷ்டம்.

அந்த நாட்டின் 2008-ம் வருட வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் சாதாரண வேலை நேரம் இருக்கக்கூடாது. ஒரு வருடம் முடித்தால் 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு, பிரசவத்துக்கு 60 நாள் விடுப்பு உண்டு. ஒப்பந்தத்தில் இவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த நாடாக இருந்தாலும் பாஸ்போர்ட் நம்ம இந்திய அரசாங்கத்தின் சொத்து. முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள உரிமை கிடையாது.

கடன் கொடுக்கும் முன் குழு கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. ஏஜெண்ட் பதிவு எண் என்ன? இ-மைக்ரேட்டில் பார்த்தாச்சா?
2. பள்ளியின் பெயர், ஊர் போட்ட ஒப்பந்தம் கையில் இருக்கிறதா?
3. சம்பளம் எந்தப் பணத்தில்? மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடியும்?
4. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?
5. தங்கும் இடம், விமான டிக்கெட், மருத்துவச் செலவு யாருடையது?
6. விசா வேலை விசாவா, டூரிஸ்ட் விசாவா?
7. பாதியில் திரும்பி வந்தால் அபராதம் உண்டா?
8. வீட்டுக்கு வரும் பணத்திலிருந்து தவணை கட்ட முடியுமா? எத்தனை மாதத்தில் அசல் தீரும்?

எட்டுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் தீர்மானத்தைத் தள்ளி வையுங்கள். ஒரு வாரம் தாமதமானால் நல்ல வேலை ஓடிப் போகாது. "நாளைக்கே பணம் கட்டணும்" என்று அவசரப்படுத்துகிறவர்தான் ஓடிப் போவார்!

நம்ம பிள்ளைகள் போக வேண்டாம் என்று இங்கே சொல்லவில்லை. வெளிநாட்டில் பாடம் நடத்தி, தங்கைகளைப் படிக்க வைத்து, அப்பாவின் கடனை அடைத்த பெண்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கணக்கு தெரிந்து போனால் அவர்களைப் போல நிமிர்ந்து வரலாம். அளவறிந்து வாழ வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது வெளிநாட்டுக்கும் பொருந்தும்.

அடுத்த கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு உறுப்பினர் இந்தக் கட்டுரையை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். 8 கேள்விகளைத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்கள் பெண்ணுக்கு வந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க உதவி வேண்டுமானால், கூட்டமைப்பு அலுவலகத்துக்கு ஜெராக்ஸ் காப்பியோடு வாருங்கள். உட்கார்ந்து கணக்கு போடுவோம்.