பழைய ஓவியமே ஆசான்

எழுதக் கற்கும் சிறுவன், ஆசிரியர் மணலில் எழுதிக் காட்டிய எழுத்தின்மீது தன் விரலை ஓட்டிப் பழகுகின்றான். கை அவ்வழியே பலமுறை சென்ற பின்னரே எழுத்து அவனுக்கு உரியதாகின்றது. ஐரோப்பிய நாடுகளில் எண்ணெய் வண்ண ஓவியம் பயின்றோரும் இதனையொத்த முறையையே மேற்கொண்டனர். முன்னோர் தீட்டிய மன்னர் உருவப்படங்களைப் பார்த்துப் படியெடுப்பது அவர்தம் பயிற்சிகளுள் ஒன்றாகும்.

மன்னர் படத்தைத் தீட்டுவது எளிய செயலன்று. ஒளிவீசும் இரும்புக் கவசம், ஒளியை விழுங்கும் கரிய வெல்வெட்டு, பொற்சங்கிலி, உயிருள்ள முகம் ஆகியன அதில் ஒருங்கே அமையும். நிற்கும் நிலையும் உடையும் அரச பதவியைக் காட்டும். கண்ணும் வாயும் அப்பதவியைத் தாங்கும் மனிதரைக் காட்டும். இவ்விரண்டும் பொருந்தாவிடின், படம் வெறும் ஆடைக் காட்சியாகிவிடும்.

படியெடுப்போன் முதலில் கித்தான்மீது வெண்பூச்சுப் பூசி, அதன்மேல் மெல்லிய மண்ணிறத்தைப் பரப்புவான். பின்னர் உருவத்தின் எல்லைகளை வரைந்து, ஒளியும் நிழலும் விழும் இடங்களை ஒரே நிறத்தால் வகுப்பான். அது உலர்ந்த பின்னரே பல நிறங்களும் ஏறும். எண்ணெய் மெல்ல உலர்வதால், இரு நிறங்களை ஈரத்திலேயே குழைத்து இணைக்கலாம். கன்னத்தின் மென்மை இவ்வாறு பிறக்கின்றது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறினால் மேற்பூச்சு முந்தி உலர்ந்து, கீழ்ப்பூச்சு பின்னர் உலர்ந்து அசையும்போது வெடித்துவிடும். இறுதியில், ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணத்தை மேலே படரவிட்டால் செந்நிற வெல்வெட்டு ஆழம் பெறும். கரிய உடையைப் படியெடுக்கும்பொழுதுதான், அதில் நீலம் சாயும் கருமையும் பழுப்புச் சாயும் கருமையும் தனித்தனியே இருப்பதை மாணவன் உணர்கின்றான். பார்க்கும் கண் காணாததைப் படியெடுக்கும் கை கண்டுகொள்கின்றது.

கற்றுத் தேர்ந்தோரும் இப்பயிற்சியைக் கைவிட்டாரல்லர். ஆண்ட்வெர்ப் நகரத்துப் பேரோவியராகிய ரூபென்ஸ், 1628 ஆம் ஆண்டில் அரசுத் தூதராக ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகருக்குச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது 51; ஐரோப்பா எங்கும் அவர் புகழ் பரவியிருந்தது. எனினும், நான்காம் பிலிப்பு மன்னரின் அரண்மனையில் இருந்த டிஷியனின் ஓவியங்களின் முன்னே அவர் மாணவர்போல் நின்று படியெடுத்தார். வெனிஸ் நகரத்து டிஷியன் மறைந்தது 1576 இல். ரூபென்ஸ் பிறந்தது 1577 இல். நேரில் கண்டறியாத ஆசானிடம் அவர் ஓவியங்களின் வழியே கற்றார். அவ்வரண்மனையின் இளம் ஓவியராகிய வெலாஸ்கெஸ் ரூபென்சோடு பழகினார். 1629 இல் தாமும் பழைய ஓவியங்களைப் பயில இத்தாலிக்குப் புறப்பட்டார்.

படியெடுத்தல் வேறு, போலி செய்தல் வேறு. பிறர் படைப்பைத் தன்னுடையது என்றோ, படியை மூலம் என்றோ காட்டுதல் களவாகும். பாரிஸ் நகரத்து லூவர் காட்சிச்சாலை, அங்கு எடுக்கப்படும் படி மூலத்தின் அளவிலேயே இருத்தலாகாது என விதித்திருப்பது இது பற்றியே.

பேரரசர் ஐந்தாம் சார்லசும் அவர் தேவியார் இசபெல்லாவும் ஒரு மேசையருகே அமர்ந்திருப்பதாக டிஷியன் ஒரு படம் தீட்டியிருந்தார். அது பிற்காலத்தில் மறைந்துபோயிற்று. ரூபென்ஸ் எடுத்த படியோ எஞ்சி நிற்கின்றது. ஆசானின் அப்படைப்பை உலகம் இன்று அறிவது, பணிந்து கற்ற மாணவரின் கைவழியாகவே ஆகும்.